பழுப்புப் புள்ளிகளை எண்ணியவர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தலைவரான சீன டாக்டர் வைத்த பெயர். நான் மட்டும் அக்கா என்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூர்தான் என்றாலும் பேச்சை மட்டும் அக்கா மாற்றிக்கொள்ளவே இல்லை. அவரோடு ஏழு வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் அவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். மிச்ச ஐந்து வருடமும் பயம்தான்.

சிரிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையும் முன்கூட்டி யாராவது சொல்லிவிட்டால் அவருக்குத் தாங்காது. சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு அவரோடு போனால் எனக்கு மானம் போகும். மீன்காரர் தெங்கிரியைத் தூக்கிக் காட்டி, "இப்பதான் எறங்குச்சும்மா, புது மீனு" என்பார். உடனே இவர் கையை உயர்த்திவிடுவார்.

"நீர் ஒண்டும் சொல்லாதையும். நான் பார்த்துச் சொல்லுறன்."

பிறகு செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நேற்றையது" என்று சொல்லிவிட்டு அதையே வாங்கிக்கொண்டு வருவார். நேற்றைய மீன் அவருக்குப் பிரச்சினை இல்லை. புது மீன் என்று காதில் விழுந்ததுதான் பிரச்சினை.

சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். "இன்னைக்கு நண்டு நல்லா இருக்கு அக்கா" என்று பரிமாறுகிறவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு நண்டு கிடையாது. ஒருமுறை அவருக்கு மாப்பிள்ளை பார்த்தார்களாம். பெரியம்மா ஒருவர் பையனைப் பற்றி ஒரு மணிநேரம் புகழ்ந்திருக்கிறார். "இவ்வளவும் சொல்லிப்போட்டியள். இனி எந்தக் கண்ணால நான் அவரைப் பார்க்கிறது?" என்று கேட்டு அக்கா அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றுவிட்டாராம். லேபில் உலாவிய கதை இது. உண்மையா என்று நான் கேட்டதில்லை.

அவர் வேலையே அப்படிப்பட்ட வேலை. மூளையில் நரம்பு செல்களுக்கு நடுவே மைக்ரோகிளியா என்று சின்னச் சின்னச் செல்கள் உண்டு. காவல்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் நடக்காத மூளையில் மெல்லிய கிளைகளை நீட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ஏதாவது கேடு வந்துவிட்டால் கிளைகளைச் சுருக்கி, உடல் பருத்து, அதுவரை காட்டாத சில புரதங்களை மேற்பரப்பில் காட்டும். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி எங்களுக்கு இங்கிலாந்திலிருந்து வரும். சுண்டுவிரல் அளவுக் குப்பி, உலர்பனிக்கட்டியில் புதைத்து வரும். இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, அந்த ஆன்டிபாடியை ஒரு சொட்டு விட்டு, ஈரக் காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைப்பேன். கடைசியில் சாயம். ஆன்டிபாடி ஒட்டிய இடமெல்லாம் பழுப்பாகும். சீவுவதும் சாயம் ஏற்றுவதும் என் வேலை. பழுப்பான செல்களை எண்ணுவது அக்காவின் வேலை.

பார்க்கின்சன் வந்தவர் மூளையில் எத்தனை, வயோதிக மறதி வந்தவர் மூளையில் எத்தனை, ஒரு நோயும் இல்லாதவர் மூளையில் எத்தனை என்று ஒப்பிடுவதுதான் ஆராய்ச்சி. எது யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஒருபக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஸ்லைடில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் எந்த ஆள் என்ற பட்டியல் என் மேஜை இழுப்பறையில் பூட்டி இருக்கும். எல்லா லேபிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் மற்றவர்களுக்கு அது லேப் விதி. இவருக்கு அது ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

ஒரு நாள் வெளியிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, இது பார்க்கின்சன் கேஸ்தானே, பழுப்பு நிறைய இருக்குமே என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார். செல்லுக்கு ஒருமுறை டக் என்று அழுத்தும் எண்ணும் கருவியை மேஜைமேல் வைத்தார். தட்டோடு ஸ்லைடுகளை என் பக்கம் தள்ளினார்.

"இந்தத் தட்டு முழுக்க இனி எனக்கு உதவாது. நம்பரை மாத்தும். வேற துண்டு வெட்டும். முதல்ல இருந்து வருவம்."

எனக்கு இரண்டு வார வேலை வீணாகிப்போனது. அந்த டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஜட்ஜ் எழுதிய எண்ணிக்கையை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காக எங்கள் சீன டாக்டர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார். ஒரு ஸ்லைடை எண்ணி முடித்த பிறகும், "இது நோயாளியா, நல்ல ஆளா?" என்று யாராவது கேட்டால் அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "கண்டதைச் சொல்லிப்போட்டன். மிச்சம் எனக்குத் தெரியாது."

இனி என் பயத்துக்கு வருகிறேன். அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவர் கையிலிருந்து பொருட்கள் விழ ஆரம்பித்தன. பிறகு தோள் தானாகத் துள்ளும். முகம் தானாகக் கோணும். நடந்தால் ஆடுவதுபோல இருக்கும். குடிக்கவே குடிக்காத மனுஷன். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பின்பெஞ்சில் முணுமுணுப்பார்கள். கோபம் வந்தது, மறதி வந்தது, கடைசியில் எங்களைத் தெரியாமல் போனது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயே போய்விட்டார். நாற்பத்தொன்பது வயது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்தார். டாக்டர்கள் வேறு பெயர் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயரை நான் லேபில் சேர்ந்த பிறகுதான், நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் படித்தேன். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போட்டிருந்தது. முப்பது, நாற்பது வயதுவரை ஒன்றும் தெரியாது என்றும் போட்டிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர வெகு நேரமாயிற்று.

வீட்டில் நாங்கள் இரண்டு பிள்ளைகள்தான், அண்ணனும் நானும். ஃபேரர் பார்க் பக்கத்தில் அடுக்குமாடி வீடு. அண்ணனுக்கு முப்பத்தொரு வயது, மலேசியப் பக்கம் ஜொகூரில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய் வருவான். ஒரு காலையில் அவன் கோப்பிக் குவளையைக் கீழே போட்டான். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. "என்னண்ணே?" என்றேன். "கை ஈரம்லா" என்றான். அவனும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. அம்மா உடைந்த சில்லுகளைப் பெருக்கி எடுத்தார். அதன் பிறகு வீட்டில் எல்லாருக்கும் பிளாஸ்டிக் குவளைதான்.

ரயிலுக்காக ஊர் முழுவதும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு லாரியில் போய் மோதிவிட்டான். லாரி திடீரென்று திரும்பியது என்றார்கள். இவன் தடுமாறி உள்ளே போய்விட்டான் என்றும் சிலர் சொன்னார்கள். தலையில் அடிபட்டு ஒன்பது நாள் காய்ச்சலோடு நினைவில்லாமல் கிடந்தான். பத்தாம் நாள் காலையில் போய்விட்டான்.

நோயுள்ள மூளை எங்களுக்கு எப்படியோ வந்துவிடும். நோயில்லாத மூளைக்குத்தான் எப்போதும் பஞ்சம். விபத்தில் போனவர்களின் குடும்பம் சம்மதித்தால்தான் உண்டு. நான் அம்மாவிடம் போய்ப் பேசினேன்.

"படிப்புக்கு உதவும்மா. எப்படியும் அறுத்துப் பார்க்கத்தான் போறாங்க."

"எடுத்தத திருப்பி வச்சிருவாங்கள்ல?"

"வச்சிருவாங்கம்மா."

அம்மா கையெழுத்துப் போட்டார். நான் சொன்னது பொய். படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் யாருக்காவது மூளை நோய் உண்டா? இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய். பட்டியலில் அவன் நம்பருக்கு நேரே நோயில்லாதவர் என்று பதிந்தேன்.

நான் அதை ஆராய்ச்சிக்காகக் கொடுக்கவில்லை. இதை இவ்வளவு காலம் கழித்தாவது சொல்லியாக வேண்டும். உலகத்தில் எனக்கு நம்பிக்கையுள்ள கண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கண் எதுவும் தெரியாமல் பார்த்து, இந்த மூளையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இல்லை என்றால் எனக்கும் இல்லை. அப்படித்தான் எனக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். ஒரு வருடமாக எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், பள்ளி வாத்தியார், நல்ல மனிதர். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதும் அந்த ஸ்லைடில்தான் இருந்தது.

துண்டுகளை நானே சீவினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. மெழுகுக் கட்டியைக் கத்திக்கு நேரே பொருத்தும்போது கை நடுங்கியது. அண்ணனை நினைத்து நடுங்குகிறதா, அப்பாவுக்கு நடுங்கியதுபோல நடுங்குகிறதா என்று தெரியவில்லை. அந்தச் சந்தேகம் வந்ததும் நடுக்கம் இன்னும் கூடியது. கையைப் பக்கெட் தண்ணீரில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி சீவினேன்.

அக்கா எண்ணுகிற நேரத்தில் நான் எதிர் மேஜையில் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எண்ணும் கருவி டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நோயில்லாத ஸ்லைடு என்றால் எப்போதாவது ஒருமுறைதான் அந்தச் சத்தம் வரும். அன்று நிற்கவே இல்லை. நான் கழுவின குப்பியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் அவர் நம்பரையும் எண்ணிக்கையையும் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் டீ குடிக்கப் போனபோது போய்ப் பார்த்தேன். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு மேலே இருந்தது.

சாயம் தப்பாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு ஸ்லைடுக்கு மட்டும் ஆன்டிபாடி விடாமல் வைப்போம். அது வெளுப்பாகவே இருக்க வேண்டும். அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பால்போல வெளுத்திருந்தது. சாயத்தில் தப்பில்லை.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதே மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவி, வேறு நம்பர் போட்டு, அடுத்த மாதத் தொகுதியில் செருகினேன். மறுபடியும் அதே டக் டக். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் என் விரல்களையே பார்த்துக்கொண்டு போவேன். பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கையை நீட்டும்போது ஃபாதர் என் கையை உற்றுப் பார்த்ததுபோலத் தோன்றும். வாத்தியாரின் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. மூன்றாவது மாதம் மூன்றாவது நம்பர் போட்டுச் செருகினேன். ஒருவேளை, ஒருவேளை என்று மனசு கெஞ்சிக்கொண்டே இருந்தது.

அன்று டக் டக் சத்தம் பாதியில் நின்றது. அக்கா தலையைத் தூக்கவில்லை. கண்ணை மைக்ராஸ்கோப்பிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இங்க வாரும்."

போனேன்.

"இந்த ரத்தக்குழாயின்ர வளைவை நான் முந்தியும் கண்டனான். பக்கத்தில இந்தக் கிழிசலையும் கண்டனான். இதோட மூண்டாம் தரம். ஒரே துண்டை மூண்டு நம்பர்ல எனக்குத் தந்திருக்கிறீர்."

அவர் மெதுவாகத் திரும்பினார். அந்த இரண்டு வருடத்தில் அவர் வாயில் நான் கேட்டிராத கேள்வியை அப்போது கேட்டார்.

"ஆர் இது?"

மாட்டிக்கொண்டதைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர் கேட்கிற ஆள் இல்லை. கேட்டுவிட்டார் என்றால் அந்தப் பழுப்பில் என்னத்தைக் கண்டிருப்பார்?

"எங்கண்ணன்க்கா" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா, கோப்பிக் குவளை, லாரி, படிவத்தில் எழுதிய பொய், அம்மாவிடம் சொன்ன பொய் எல்லாம். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்தனை நாள் உயிரோட இருந்தவர்?"

"ஒம்பது நாள்."

"ஒன்பது நாள் தலையில அடிபட்டுக் காய்ச்சலோட கிடந்த மூளையை நல்ல மூளை எண்டு தந்திருக்கிறீர். விசர்ப் பிள்ளை. இந்தச் சாயம் என்ன சொல்லும்? காவல்காரன் எழும்பிட்டான் எண்டு சொல்லும். எழுப்பினது ஆர் எண்டு சொல்லாது. அடிபட்டதும் எழுப்பும். நோய் வருத்தமும் எழுப்பும்."

"அப்ப நோய் இல்லையாக்கா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப இருக்கா?"

"அப்பிடியும் சொல்லேல்லை."

நான் அழுதேன். "உங்களுக்குத் தெரியாம இருக்கிறது புடிக்கும்க்கா. எனக்கு அப்படி இருக்க முடியலக்கா" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"நான் எண்ணி முடிக்கும் வரைக்கும்தான் தெரியாமல் இருக்கிறன்" என்றார். "எல்லாம் முடிஞ்ச பிறகு பட்டியலை நானும் பார்க்கிறனான். பாராமல் ஓடுறேல்லை." கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "டாக்டரிட்ட நீரே போய்ச் சொல்லும். நான் சொன்னால் அது வேற" என்றார்.

போய்ச் சொன்னேன். சீன டாக்டர் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்தத் துண்டுகளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார், பட்டியல் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூளையில் அந்த நோய் முதலில் தின்னும் பகுதியை வேறொரு நிபுணரை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆரம்ப நிலை என்றால் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம், தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்று அந்த நிபுணர் எழுதி அனுப்பினார். ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது எங்களுக்குக் கிடையாது.

அக்கா யாரும் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். பழைய மெழுகுக் கட்டிகளில், தலையில் அடிபட்டுச் சில நாள் உயிரோடு இருந்து போனவர்களைத் தேடி எடுத்தார். நாலு பேர் கிடைத்தார்கள். நம்பரை இன்னொரு பெண்ணை விட்டுப் போடச் சொல்லி, மற்ற ஸ்லைடுகளோடு கலந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து எண்ணினார். நாலிலும் பழுப்பு நிறைந்து கிடந்தது. அதைச் சொன்ன அன்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சந்தோசப்படுறதுக்கு முதல் ஒண்டு கேளும். உம்மட அண்ணருக்கு அந்த வருத்தம் இருந்திருந்தாலும் உமக்கு இல்லாமல் இருக்கலாம். அவருக்கு இல்லாட்டிலும் உமக்கு இருக்கலாம். அவற்ற பங்கு வேற, உம்மட பங்கு வேற. மூண்டு மாதமா நீர் ஆற்றயோ துண்டில உம்மைத் தேடியிருக்கிறீர்."

அந்தப் புத்தகத்தில் படித்ததுதான். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி என்று அச்சாகவே போட்டிருந்தது. படித்த மூளை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அண்ணனை மெழுகில் பதித்துச் சீவி, சாயமேற்றி, மூன்று முறை எண்ண வைத்தேன். அவன் எனக்குச் சொல்ல வேண்டியது எதுவுமே அதில் இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். காரணம் சொல்லவில்லை.

மறுவாரம் அக்கா தன் மேஜையை நகர்த்தினார். அதுவரை என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தவர், சுவரைப் பார்த்தாற்போல மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. என் பொய்களை அவர் மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து வருடம் அவர் முதுகைத்தான் பார்த்தேன். வேலை பேசுவார், சாப்பிடக் கூப்பிடுவார், ஆனால் நான் குப்பி கழுவும்போதோ ஸ்லைடு அடுக்கும்போதோ திரும்பவே மாட்டார். ஒருமுறை கண்ணாடித் தட்டு ஒன்று என் கையிலிருந்து நழுவிச் சுக்குநூறானது. லேபே திரும்பிப் பார்த்தது. அவர் கழுத்து மட்டும் அசையவில்லை. சோப்பு வழுக்கியது என்று சத்தமாகச் சொன்னேன். அண்ணனும் இதைத்தான் சொன்னான் என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

வாத்தியாரிடம் உண்மையைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு அவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்பா போன வயதை நான் தாண்டி இருபது வருடம் ஆகிறது. இடையில் ரத்தச் சோதனை வந்தது. போய்ப் பார்க்கவில்லை, பாராமல் ஓடுகிறவள் நான்தான். இந்தக் கட்டுரையைக் கையால்தான் எழுதுகிறேன், எழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் கோப்பி ஆற்றும்போது ஒரு துளி சிந்திவிட்டால் அன்று முழுவதும் எனக்குப் பாழ்.

அக்கா லேபை விட்டுப் போன நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தங்கையோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார் என்று சீன டாக்டர் கேக் வாங்கி வந்திருந்தார். மதியம் எல்லோரும் கலைந்த பிறகு அவர் மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இனி எப்போது கிடைப்பார் என்ற பதற்றம். கேட்டுவிட்டேன்.

"என் மேல இன்னும் கோவமாக்கா?"

"என்ன கோவம்?"

"அஞ்சு வருஷமா முதுக காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க."

அவர் உறையின் நாடாவைக் கட்டி முடித்தார். பிறகும் திரும்பாமலே பேசினார்.

"நீர் எனக்குச் சொல்லிப்போட்டீர் பிள்ளை. சொன்ன பிறகு என்ர கண் கெட்டுப் போச்சு. உம்மட எதிர்ல இருந்தால் ஒவ்வொரு நாளும் உம்மட கையைப் பார்ப்பன். நடுங்காத கையும் எனக்கு நடுங்குமாப் போலத் தெரியும். அதை என்ர முகத்தில நீர் காணுவீர். அதுதான் திரும்பி இருந்தனான்."

இத்தனை வருடமும் என்னை வெறுத்து ஒதுக்கினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"இப்ப பாருங்கக்கா. கடைசியா ஒரு தடவ. நீங்க சொன்னா நம்புவேன். கண்டத மட்டும் சொல்லுங்க."

அவர் என் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மீன் செவுளிலிருந்து மூளைத் துண்டுவரை எதையும் உற்றுப் பார்த்தே பேசுகிற ஜட்ஜ், கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"மாட்டன்" என்றார். "எனக்குப் பயமா இருக்கு பிள்ளை."

எங்கள் நான்கு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. அதில் எது யாருடைய நடுக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.